லென்ஸ்தான் காரணம்

துடைக்காதீர்கள் சார். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைக்காதீர்கள். தூசி இருந்தால் இருக்கட்டும். தூசியால் படம் கெடாது, கீறலால்தான் கெடும். அப்படியே மேஜைமேல் வையுங்கள். மூன்றா? போனில் இரண்டு என்றுதானே சொன்னீர்கள். உங்கள் மாமனார் வைத்திருந்தது பெரிய ஸ்டூடியோவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

காப்பி மெதுவாக வரட்டும். உள்ளே சிரிக்கிறது யார், உங்கள் வீட்டம்மாவா? பியூலா குரல் மாதிரி இருக்கிறது. பியூலா என் மனைவி. ஆனால் அவள் இப்படிச் சத்தமாகச் சிரிக்கிறவள் இல்லை. உங்கள் வீட்டம்மாவாகத்தான் இருக்கும்.

ஒரு லென்ஸ் வாங்க வருகிறவன் பெண்டாட்டியையும் இவ்வளவு பெரிய கேமராவையும் காரில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு வருவானா என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. வரத்தான் வேண்டும் சார். மாம்பழம் மாதிரி கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற சாமான் இல்லை இது. எந்த முகத்துக்காக வாங்குகிறோமோ அந்த முகத்தை எதிரே உட்காரவைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அவளும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “இன்னைக்கு ஒருநாள் உக்காருதேன். இதோட சரி. இனிமே கேமராவத் தூக்கிக்கிட்டு எம் பக்கம் வரப்பிடாது.” சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது.

இந்த மாதிரி லென்ஸைத் தேடுகிறேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். “நல்லாத் தெரியிற லென்ஸைத்தான் எல்லாரும் தேடுவாங்க, நீரு மங்கலாத் தெரியிறதத் தேடுதேரே” என்கிறார்கள். மங்கல் இல்லை சார். மங்கல் வேறு, மென்மை வேறு. இதில் அடியில் ஒரு கூர்மையான படம் இருக்கும். அதன்மேல் வெளிச்சம் கசிந்து படர்ந்திருக்கும். முகம் தெரியும், முகத்திலிருக்கிற மேடு பள்ளம் உறுத்தாது. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தால் அந்தப் படர்வு அதிகம். மூட மூடக் குறையும். நன்றாக மூடிவிட்டால் இதுவும் மற்ற லென்ஸ் மாதிரிதான். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் ஏறினால் பால்கோவா, கொஞ்சம் இறங்கினால் பாஸ்போர்ட் போட்டோ.

இருங்கள், கேமராவைப் பிரித்துக்கொண்டே சொல்கிறேன். அந்தக் கேமரா ஸ்டாண்டின் காலைக் கொஞ்சம் பிடியுங்கள். ஆ, அவ்வளவுதான்.

நான் எக்ஸ்ரே எடுத்தவன் சார். பெயர் ஞானதிரவியம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே இருட்டறைதான். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. பெட்டி பெட்டியாகப் பிலிம் மிஞ்சியது. நெஞ்சு எக்ஸ்ரே பிலிம், பதினான்குக்குப் பதினேழு அங்குலம். “கொண்டுபோங்க அண்ணாச்சி, இடமாவது மிஞ்சும்” என்று கொடுத்துவிட்டார்கள். அந்த அளவுக்கு ஒரு கேமரா செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எனக்குத்தான் முதலில் தோன்றியது. சிவசைலம் பிறகுதான் வந்தார்.

சிவசைலம் யார் என்று சொல்லவில்லையே. ஆஸ்பத்திரிக்கு எதிர் மாடியில் ஹோமியோபதி வைத்தியம் பார்க்கிறவர். வெள்ளை மாத்திரை. அவரிடம் தலைவலி என்று போனால் தலையைப் பற்றிக் கேட்கமாட்டார். சோற்றில் உப்பு தூக்கலாக வேண்டுமா, இடி இடித்தால் பயமா, அழுகை வந்தால் தனியாக அழுவீர்களா நாலுபேர் முன்னால் அழுவீர்களா, கனவில் தண்ணீர் வருமா, இப்படித்தான் கேட்பார். ஒரு ஆளுக்கு அரைநாள். நான் ஒரு ஆளை ஒரே நிமிஷத்தில் அனுப்பிவிடுவேன். “மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.” முடிந்தது. உள்ளே எலும்பு வரைக்கும் தெரிந்துவிடும். ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பழக்கம். சாயங்காலம் அவர் மாடியில்தான் உட்கார்ந்திருப்போம். கேமரா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரே ஆசாரி, ஒரே தேக்கு, இரண்டு கேமரா. பிலிம் நான் கொடுத்தேன். கழுவுகிற மருந்து நான் கலந்து கொடுத்தேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் சார். கேமரா ஒன்று, பிலிம் ஒன்று, மருந்து ஒன்று. வேறு எதில் வித்தியாசம் வரமுடியும்? லென்ஸில்தானே?

என் லென்ஸ் இதோ இருக்கிறது. பழைய அச்சகத்தில் படம் அச்சடிக்க பிளாக் எடுக்கிற கேமராவில் இருந்தது. கூர்மையென்றால் அப்படியொரு கூர்மை. எறும்பு ஊர்ந்தால் கால் தெரியும். இவ்வளவு பெரிய பிலிமை மூலைவரைக்கும் நிரப்பும். சின்ன லென்ஸைப் போட்டால் நடுவில் வட்டமாகப் படம் விழும், நாலு மூலையும் கறுத்துப்போகும். உங்களுடைய இந்த மூன்றும் போதுமான பெரிசுதான், பார்த்தாலே தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டு சிவசைலம் மாதிரி நான் மலை, மரம், கோபுரம் என்று அலையவில்லை. பியூலாவைத்தான் எடுத்தேன். திரும்பத் திரும்ப அவளைத்தான் எடுத்தேன். அதை அவள் நினைத்துப்பார்க்க வேண்டாமா? ஒரு படத்துக்கு மூடியைத் திறந்து நாலு விநாடி காட்ட வேண்டும். அதற்குள் அசைந்தால் போச்சு. குளுக்கோஸ் ஏற்றுகிற பழைய ஸ்டாண்டு ஒன்றை வெட்டி, மேலே கவட்டை மாதிரி வைத்துப் பிடரியை அதில் சாய்த்து மோவாயைத் தாழ்த்தச் சொல்வேன். “நாடியை இறக்கு. மூச்சை இழு. பிடி.” மூடியைத் திறப்பேன். மூடுவேன். “விடு.” இத்தனை படத்தில் ஒன்றில்கூட அசைவு கிடையாது. ஒன்றில்கூட. அவள் பார்த்துவிட்டு, “ஆதார் கார்டுல இதவிட நல்லாருக்கேன்” என்றாள்.

அப்புறம்தான் போன ஐப்பசியில் சிவசைலத்துக்கு அந்த லென்ஸ் வந்தது. வெரிட்டோ என்று பெயர், நான் சொன்ன அந்த மென்மை லென்ஸ். குவியத்தூரம் பதினெட்டு அங்குலம். கல்கத்தாவில் அவருடைய வைத்திய நண்பர் ஒருவர் மூலமாக வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த பிறகுதான் சொன்னார். “அண்ணாச்சி, இது ஆளுங்களுக்கான லென்ஸ். யாராவது உக்காந்தா பாத்திரலாம்.” நான்தான் சொன்னேன், பியூலாவை அனுப்புகிறேன், அசையாமல் உட்காருவாள், நான் பழக்கிவைத்திருக்கிறேன் என்று. நானேதான் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை.

மழை மூட்டமாக இருந்தது அன்றைக்கு. மத்தியானம் போனவள் தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வந்தாள்.

“எத்தனை படம் எடுத்தாரு?”

“ஒண்ணு.”

“ஒரு படத்துக்கா இவ்வளவு நேரம்?”

“டீ போட்டாரு. பேசிக்கிட்டிருந்தோம்.”

மறுநாள் சிவசைலமே படத்தைக் கொண்டுவந்தார். செய்தித்தாளில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டு. பிரித்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். நான் யார் இது என்று கேட்டுவிட்டேன் சார். வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டுவிட்டேன். பியூலா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எதுத்த வீட்டுக்காரி” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எப்படிச் சொல்வது? ஒருபக்கமாகத் திரும்பியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்லிமுடித்த மாதிரி. காதோரத்து நரைமுடியில் வெளிச்சம் தங்கியிருந்தது. கண்கள் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. கேமராவை இல்லை. யாரையோ. அந்த மாதிரி அவள் ஒருவரைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

தவறாக நினைக்காதீர்கள். எனக்குச் சிவசைலத்தின்மேல் ஒன்றும் கிடையாது. நல்ல மனுஷர். அவளை மதினி மதினி என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பொறாமை இருந்தது என்றால் அது அந்த லென்ஸின்மேல். அந்த லென்ஸின்மேல் மட்டும்தான்.

அவள் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினாள். நான் எடுத்தது எதையும் மாட்டியதில்லை. சாப்பிடும்போது நிமிர்ந்தால் அதுதான் தெரியும். ஒருநாள் கேட்டேன், அன்றைக்கு அப்படி என்ன பேசினீர்கள் என்று.

“என்னென்னமோ கேட்டாரு. சின்ன வயசுல எதுக்குப் பயப்படுவீங்கன்னு கேட்டாரு. எதுக்கும் பயப்பட மாட்டேன், ஆத்துல அக்கரை வரைக்கும் நீந்திப் போயிட்டு வருவேன்னேன். அதச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே எடுத்துட்டாரு போல.”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியுமே.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையே.”

“ஏன், உங்க எக்ஸ்ரேல அது விழலையாக்கும்?”

இதுதான் சார் அவள் பேச்சு. கல்யாணமாகி மகள் வயிற்றுப் பேரனைப் பார்த்தாகிவிட்டது. தாமிரபரணி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநாள் கரையில் நின்று, எனக்கு நீந்தத் தெரியும் என்று சொன்னவள் இல்லை. மாத்திரை கொடுக்கிறவர் கேட்டதும் சொல்லியிருக்கிறாள். சரி, அது கிடக்கட்டும். அது லென்ஸ் விஷயம் இல்லை. எதற்கு அதைச் சொல்லவந்தேன்?

ஆங். பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்திருக்கிறார். மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை, பிடரிக்கு ஸ்டாண்டு வைக்கவில்லை. அசைந்திருப்பாள், நிச்சயமாக அசைந்திருப்பாள். ஆனால் படத்தில் அது தப்பாகவே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறுதியானது. அந்த லென்ஸ் அசைவைக்கூட விழுங்கிவிடுகிறது. அப்பேர்ப்பட்ட லென்ஸ்.

போய்க் கேட்டேன். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். “ஒரு வாரம் குடும், பார்த்துட்டுத் தாரேன்.” உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். யோசிக்கவே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதே நாற்காலியை அவர் மாடியிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டு வந்தேன். அதே புடவையைக் கட்டச் சொன்னேன். “அன்னைக்கு மாதிரியே ஒருபக்கமாத் திரும்பு. வாயைக் கொஞ்சம் திற. அவ்வளவு வேண்டாம். மூச்சைப் பிடி.” துவாரம் அவர் வைத்த அதே அளவு. கழுவினேன். சிவப்பு விளக்கில் தட்டில் முகம் வந்தது. அதே ஆதார் கார்டு சார். ஆதார் கார்டுமேல் கொஞ்சம் பனி பெய்த மாதிரி.

ஏழெட்டுப் பிலிம் போட்டேன். அதேதான். அப்புறம்தான் புரிந்தது. ஒரே பெயர் போட்டிருந்தால் ஒரே லென்ஸ் ஆகிவிடாது. அந்தக் காலத்துக் கண்ணாடி, கையால் தேய்த்தது, ஒன்றைப்போல ஒன்று இருக்காது. அவரிடம் இரண்டு இருந்திருக்கிறது. நல்லதை உள்ளே வைத்துக்கொண்டு சுமாரானதை என்னிடம் கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். கேமரா ஒன்று, பிலிம் ஒன்று, மருந்து ஒன்று, ஆளும் ஒன்று. வேறு என்ன மிச்சம்?

நேரே மாடியேறிப்போய்க் கேட்டேன். நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

“அந்த இன்னொரு லென்ஸை எடும்வே.”

“எந்த இன்னொரு லென்ஸ் அண்ணாச்சி?”

“பியூலாவ எடுத்தது.”

அவர் என் கையிலிருந்த லென்ஸைக் காட்டினார். பிறகு, “இதுதான் அது. வேணும்னா நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்குத் திருப்பித் தர வேண்டாம்” என்றார். எவ்வளவு தைரியம் பாருங்கள். பிறகு கேட்டார், “எடுக்கும்போது மதினிகிட்ட நீங்க என்ன பேசுவீங்க?”

“படம் எடுக்கும்போது யாராவது பேசுவானா? பேசினா அசைவாங்கல்லா?”

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். லென்ஸை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிவந்துவிட்டேன். அதோடு பேச்சு இல்லை. பியூலா பேசுகிறாள். வாசலில் நின்று பேசுகிறாள். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறாள், எனக்கு. நான் சாப்பிடுவதில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதாத ஊர் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அப்படித்தான் உங்கள் நம்பர் கிடைத்தது.

சரி, கேமரா தயார். அந்த ஜன்னலை முழுக்கத் திறங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும், நேரே வந்தால் இந்த லென்ஸுக்குப் பிடிக்காது. பியூலா! போதும் பேசினது, வா. இந்த நாற்காலி. முதுகை நேராக வை.

முதலில் இந்த ஒற்றைக் கண்ணாடி லென்ஸ். எளிமையான சாமான், ஆனால் இதில் ஒரு தந்திரம் உண்டு. திறந்துவைத்துக் கூர்மை பார்த்துவிட்டுப் பிறகு மூடினால் கூர்மை இடம் மாறிவிடும். எந்த அளவில் எடுக்கப்போகிறோமோ அந்த அளவிலேயே பார்க்க வேண்டும். இருங்கள், கேமராவின் கறுப்புத் துணிக்குள் போகிறேன்... இல்லை சார். படர்வு அதிகம். காதும் கன்னமும் ஒன்றாக ஓடுகிறது. முகம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. கழற்றிவிடலாம்.

அடுத்தது இது. பின்பக்க வளையத்தைத் திருகினால் மென்மை கூடும், திருப்பினால் குறையும். நல்ல ஏற்பாடு. பியூலா, அசையாதே. நாடி. நாடியை இறக்கு. ம். ஒரு சுற்று... ஒன்றரை... இல்லை. இரண்டு... இல்லை. கண்ணாடி பழுதில்லை சார், அருமையான கண்ணாடி. ஆனால் அது வரவில்லை.

இது வெரிட்டோ. இதற்காகத்தான் வந்தேன். கனத்தைப் பாருங்கள். கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள், லென்ஸ் மாட்டியிருக்கிற பலகையோடு விழுந்துவிடப்போகிறது. பியூலா, அன்றைக்கு மாதிரி. தெரியும்லா, அன்றைக்கு மாதிரி. அந்தப் பக்கம் பார். யாரோ இருக்கிற மாதிரி பார். மூச்சை இழு. பிடி.

...

இல்லை.

இல்லை சார். இதுவும் இல்லை. சிவசைலம் கொடுத்தது மாதிரியேதான் இருக்கிறது. விடு பியூலா, மூச்சை விடு. ஆயிற்று. முடிந்தது. எழுந்திருக்கிறதென்றால் எழுந்திரு. அவள் பார்க்கிறதைப் பாருங்கள், தேர்வு முடிந்த பிள்ளை மாதிரி. இனிமேல் உட்காரமாட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

உங்கள்மேல் தப்பில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள். நான் என் பழைய லென்ஸையே மாட்டிக்கொள்கிறேன். அது மாட்டியிருந்தால்தான் கேமராவை மடக்க முடியும், ஆசாரி அப்படிச் செய்துவிட்டார். நீங்கள் அவளோடு பேசிக்கொண்டிருங்கள். ஒரு நிமிஷ வேலை. பலகை சரியாக உட்கார்ந்ததா என்று மட்டும் துணிக்குள் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்.

...

சார்.

சார், நகராதீர்கள். பியூலா, நகராதே. எழுந்திருக்காதே.

இது என்னது? இது என் லென்ஸ். என் லென்ஸ்தான், மென்மை ஒன்றும் கிடையாது. இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மூக்குத்தித் தழும்பு தெரிகிறது. நெற்றிக் கோடு தெரிகிறது. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அதுதான். அந்த முகம்தான்.

உங்கள் ஜன்னலில் என்ன கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் சார்? வெறும் சாதாக் கண்ணாடியா? சுவருக்கு என்ன சுண்ணாம்பு? இல்லை, இந்த நேரத்து வெயிலாக இருக்குமோ?

அவளிடம் என்ன கேட்டீர்கள்? இப்போது, நான் துணிக்குள் இருக்கும்போது, அவளிடம் ஏதோ கேட்டீர்களே.

எந்த ஊர் என்றா? அவ்வளவுதானா? பிறந்த ஊர் எது என்றா கேட்டீர்கள்? அதற்கா இவ்வளவு நேரம் சொல்கிறாள்? உடன்குடிப் பக்கம், இதில் என்ன இருக்கிறது சொல்ல?

பியூலா, அப்படியே இரு. பேச வேண்டாம். பேசியது போதும். பிலிம் போட்டுக்கொள்கிறேன், ஒரு நிமிஷம். அப்படியே வைத்துக்கொள் முகத்தை.

சார், ஒரு உதவி. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள். இன்னும் கொஞ்சம். அவள் பார்வை நீங்கள் போகிற பக்கமெல்லாம் போகிறது, பாருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீடுதான், இருந்தாலும் நீங்கள் வெளியே போய்விட்டால் நல்லது. உங்கள் வீட்டம்மாவையும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் இருந்தால் என்னவாம் என்கிறாள் பியூலா. அவள் சொல்லுவாள். எடுக்கிறவன் நான், எனக்கல்லவா தெரியும். நானும் அவளும் மட்டும் இருந்தால் போதும். எடுத்து முடித்ததும் கூப்பிடுகிறேன்.

கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் சார். இன்னும் நன்றாக.